போர்ச் என்ற பெயருக்காக ஒரு பொய்ச் சத்தியம்

எங்கள் குடும்பப் பெயர் போர்ச். தேவாலய வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்போமே, அந்தக் கல் முகப்புக்குத்தான் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் அந்தப் பெயர். அங்கே ஒரு குழந்தை அநாதையாகக் கிடந்தால் ஊர்க் குழு கூடி, கிடந்த இடத்தையே அதற்குக் குடும்பப் பெயராக வைத்துவிடும். வேறு பெயர் யோசிக்க யாருக்குப் பொறுமை? என் தாத்தா கிடந்தது ஹாம்தோர்ப்பில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலய முகப்பில், 1797 மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஆகவே அவர் ஜைல்ஸ் போர்ச். பெயர் வைத்த பெரிய மனிதர்கள் அன்று மதியம் திருப்தியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

அவரை அங்கே விட்டவள் கெசையா லன். பதினெட்டு மைல் தள்ளியிருந்த வின்பி ஊர்க்காரி, பண்ணை வீட்டு வேலைக்காரி. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். அப்பன் ராபர்ட் லன் மூன்று வாரக் குழந்தையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். கைக்குழந்தைக்காரிக்கு எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மரத்தின் பின்னால் ஒளிந்து நின்று, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் மனைவி குழந்தையை எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து ஹாம்தோர்ப்புக்கே திரும்பி வந்தாள். டைனா காப் என்ற சலவைக்காரியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளையைக் கேட்டு வாங்குவதுதான் அவள் எண்ணம். டைனாவிடம் சொன்னபோது அவள் பதறிப்போனாள்.

"வாயைத் திறந்தே, தொலைஞ்சுது! கெடந்த எடம்தான் இப்ப அவனுக்கு ஊரு. நீ பெத்தவன்னு சொன்னா, எங்க பெத்தேன்னு கேப்பானுங்க. வின்பின்னு சொல்லிப் பாரு, மறுநாளே உங்க ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திருவானுங்க. அங்க யாரு பார்த்துப்பா, உங்கப்பனா?"

டைனா சொன்னது உண்மைதான். பசி என்று கை நீட்டினால் பிறந்த ஊர்தான் ரொட்டி கொடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். வேற்றூர்க்காரனை வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள். ஹாம்தோர்ப்பில் அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கேவலமான பெயர்தான்.

கெசையா வாயை மூடிக்கொண்டாள், முப்பது வருஷத்துக்கு. பையன் வளர்ந்த கோயில்பிள்ளை வீட்டு அழுக்குத்துணி அவளிடம்தான் வரும். பையனின் சட்டைகளைத் துவைத்தாள், கிழிசலைத் தைத்தாள். அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதைச் சட்டைக் கையின் நீளத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

தாத்தா பண்ணைக் கூலியானார். ரோடாவைக் கட்டினார். அந்தக் கல்யாண விருந்தில் ஒரு குடிகாரன் வம்புக்கு இழுத்தான்.

"டேய் போர்ச்சு, உன்னைப் பெத்தது யாருடா, அந்தக் கல்லா?"

"எவளோ ஒருத்தி. கண்ணுல பட்டா மூஞ்சியிலயே துப்புவேன்."

பக்கத்தில் நின்று பீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கெசையா. ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாளாம். கெசையா செத்த பிறகு டைனா சொன்னதுதான் இதெல்லாம். எனக்கு இப்போதும் தாத்தாமேல் கோபம் வருகிறது, அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

1829 குளிர்காலத்தில் கெசையாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியது. துவைக்க முடியவில்லை. ஊர் உதவி கேட்டுப் போனாள். அந்த வருஷம் உதவிப் பொறுப்பில் இருந்தவர் மாவு மில்காரர் டஃப்னெல். அவளை பைபிள்மேல் கை வைக்கச் சொல்லி விசாரித்தார்.

"பொறந்த ஊரு?"

"வின்பிங்க."

"புள்ளைங்க? இந்த ஊர்ல மகன் யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு. பெத்தவளை அவன்தான் வச்சுக் காப்பாத்தணும். நீயும் இங்கயே இருந்துக்கலாம்."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் வீட்டு அடுப்பங்கரையில் அவள் செத்திருக்கலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பண்ணைகளில் வேலை இல்லை. ஜைல்ஸின் வீடே ஊர் ரொட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வின்பியில் பிறந்தவர் என்று தெரிந்தால், அவரும் ரோடாவும் நான்கு பிள்ளைகளும் அடுத்த வண்டியில் போக வேண்டியதுதான்.

"யாரும் இல்லீங்க" என்று சத்தியம் செய்தாள். வெளியே வந்து டைனாவிடம், "எனக்கு நரகம்தான்டி" என்றாளாம். அவள் நரகத்தை நம்பியவள்.

ஊர் ரொட்டி தின்கிறவன் ஊர் சொன்ன வேலையைச் செய்யவேண்டும். அவளைக் கொண்டுபோய் விடும் வண்டியின் கடிவாளத்தை டஃப்னெல் ஜைல்ஸிடம் கொடுத்தார்.

வழியெல்லாம் அவள் பிள்ளைகளைப் பற்றியே கேட்டாள். சின்னவனுக்கு இருமல் நின்றதா, மூத்தவளுக்கு விழுந்த பல் முளைத்ததா என்று. கடைசியில், "உன்னை விட்டுட்டுப் போனாளே, அவ மேல இன்னும் கோவமா?" என்றாள்.

தாத்தா குதிரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"முன்ன இருந்துச்சு, பெரியம்மா. இப்ப வீட்டுல நாலு வாய். இந்தக் குளிருக்குள்ள ரெண்டு தடவை, சர்ச்சைத் தாண்டிப் போறப்ப நானே அந்த முகப்பைத் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் புள்ளைய அங்க விட்டுட்டா அதுக்கு நல்லதாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

அவள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

வின்பியில் அவளை ஏற்றுக்கொள்ள வந்தவர் அந்த ஊர்க் குழுவின் வயதான மனிதர். காகிதத்தைப் படித்தார், அவளைப் பார்த்தார், பிறகு வண்டியில் இருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"ராபர்ட் லன் மவளா நீ? அது சரி, இவன் யாரு? உங்கப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கானே!"

"வண்டிக்காரன்" என்றாள் கெசையா சட்டென்று. "ஹாம்தோர்ப் ஆளு. அங்கயே பொறந்தவன்."

கிழவர் விடவில்லை. "அப்படியா, தம்பி?"

தாத்தா அவளைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததாக என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் அந்த நொடியில் புரிந்துவிட்டது. அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணால் மட்டும் கெஞ்சினாள். வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"ஆமாங்க. அங்க பொறந்தவன்தான். என் பேரு போர்ச்."

கெசையா ஈஸ்டருக்கு முன்பே வின்பியில் செத்துப்போனாள். தாத்தா அதற்குப்பின் நாற்பது வருஷம் இருந்தார். அங்கே பிறந்தவன் என்று மகனே பொய் சொல்லித் தன்னை மறுத்ததும் அவள் முகத்தில் வந்ததே ஒரு நிம்மதி, அதைத்தான் அவரால் கடைசிவரை தாங்க முடியவில்லை.