பொட்டு வைத்த லேப்டாப்

இன்று அப்பாவும் நானும் தாம்பரத்தில் தம்பிக்கு லேப்டாப் வாங்கப் போனோம். இன்ஜினியரிங் படிக்கிறான், வீடியோ எடிட்டிங்கும் செய்வான்; இரண்டும் திணறாமல் ஓடத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

"கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டார். "வீடியோ எவ்ளோ சூப்பரா ஓடுது பாருங்க மேடம். எடிட்டிங் மட்டும் ஓடாதா இன்னா?"

படம் பார்ப்பவனெல்லாம் டைரக்டர் என்கிற ஞானம்!

பென் டிரைவில் கொண்டுபோன தம்பியின் இன்ஜின் டிசைனைத் திறந்து காட்டச் சொன்னேன். அதற்குள் அவர் லேப்டாப் மூடியில் சந்தனம், குங்குமம் வைத்து அப்பாவிடம் நீட்டிவிட்டார். அப்பாவும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்பா, இது வேணாம்."

"பொட்டு வச்சப்புறம் வேணாம்னு சொல்லக்கூடாதும்மா."

வீட்டில் அந்த டிசைன் இன்னும் திறந்துகொண்டே இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் குங்குமத்திலேயே ஓடுகிற சாஃப்ட்வேர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.