தூண்டில் இல்லாத கேள்வி

நான்காவது மாடியில் குடியிருந்த அக்காவுக்கு அந்தக் கட்டடத்தில் "அஞ்சுல எத்தனை" என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. விலைவாசி உங்களை எவ்வளவு பாதித்திருக்கிறது, நாடு சரியான வழியில் போகிறதா, கைப்பேசி வந்தபின் வாழ்க்கை எளிதாகியிருக்கிறதா என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டு, ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை வாங்கிவர வேண்டும்.

கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கும். கேள்வியை அச்சில் உள்ளபடி படிக்க வேண்டும், ஒரு சொல் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். என்ன பதில் வந்தாலும் முகம் அசையக்கூடாது. "விலையெல்லாம் இறங்கிட்டு வருதே" என்ற பெரிய மனிதரிடமும், "என் பையன் வேலையை மெஷினுக்குக் குடுத்துட்டாங்க" என்று அழுத அம்மாவிடமும் அக்கா ஒரே குரலில்தான் "நன்றி, அடுத்த கேள்வி" என்றாள். அழுத அம்மாவுக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அது விதியில் இல்லை. விதிக்கு எதிராகவும் இல்லை என்பதை அன்று மாலையே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அந்தத் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. அதற்குத் தூண்டில் கேள்வி என்று பெயர். "விலைவாசி ரொம்ப ஏறிடுச்சு இல்ல?" என்று கேட்டால் அதற்குள்ளேயே பதில் முள்ளில் மாட்டிக் கிடக்கிறது, எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து விழுங்க வேண்டியதுதான் பாக்கி. அப்படி வாங்கிய பதிலை அக்கா பதிலாகவே மதிக்கமாட்டாள். தூண்டில் போட்ட புது ஆட்களின் தாள்களைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைப்பதற்காகவே மேலாளர் அவளை மாதம் ஒரு நாள் அலுவலகத்தில் உட்காரவைத்தார்.

தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகள் சின்ன வயதில் படம் வரைந்து வந்து காட்டினால், "இந்தப் படத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிற?" என்பாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சிரிப்பாள். "எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை வாங்கணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும்."

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். அங்கே அவருக்குத் "தலைப்புச் செய்தி" என்று பெயர். காலையில் பல் துலக்கும்போதே வானொலி, பேருந்தில் பத்திரிகை, மாலையில் தொலைக்காட்சி. எண்ணெய் விலையிலிருந்து விண்வெளி ஓடம் வரை அவரிடம் கருத்து இல்லாத விஷயம் கிடையாது. அந்தக் கருத்துகளை யாராவது முறைப்படி வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் கருத்துக்கணிப்பில் வேலை செய்பவர்கள் வீட்டில் கருத்துக் கேட்கக்கூடாது என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி.

"உன்னைக் கட்டினதுல எனக்குக் கருத்துரிமையே போச்சு" என்பார்.

"நீங்க சொல்றது புரியுது" என்பாள் அக்கா.

அந்த "புரியுது"தான் இப்போது சங்கடத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஒன்றரை மடங்காக உயர்த்திக் கடிதம் அனுப்பியிருந்தார். ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய இடத்தில், புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வாடகை குறைவு. அங்கே ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. திங்கள்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். உலக விவகாரங்களுக்கெல்லாம் உடனே தீர்ப்புச் சொல்கிறவருக்குத் தன் வீட்டு விஷயத்தில் மட்டும் முடிவெடுக்க வரவில்லை. மூன்று வாரமாக மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"லிஃப்ட் இருக்கு, உன் முழங்காலுக்கு நல்லதுதானே?"

"ம்."

"பால்கனி வேற. உனக்குப் பிடிக்கும்ல?"

"நீங்க சொல்றது புரியுது."

இதையெல்லாம் கூட்டி அவர் சம்மதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். அக்காவோ, தன்னிடம் இன்னும் கேள்வியே கேட்கப்படவில்லை என்று இருந்தாள். இன்னொரு முடிச்சும் இருந்தது. அந்தக் குடியிருப்புக்குப் போன வருடம் அவள் வேலையாக மூன்று நாள் போயிருந்தாள். அங்கே குடியிருப்பவர்கள் கதவோரம் நின்று சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் சொன்ன பதிலை வெளியே சொல்லக்கூடாது, சொந்தக் கணவரிடம்கூட. எனவே அதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் அழைப்பு மணி அடித்தது. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கியபடி, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லட்டுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். சட்டைக் கைகள் மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருந்தன.

"வணக்கம் மேடம். விலைவாசி, தொழில்நுட்பம், நாட்டு நடப்பு பத்தி ஒரு கருத்துக்கணிப்பு. பதினஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

உள்ளே வானொலி சட்டென்று நின்றது. தலைப்புச் செய்தி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

வந்தவர் திரையைப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் படித்தார். "முதல் கேள்வி. இந்த வீட்டில் யாராவது கருத்துக்கணிப்பு, விளம்பரம் அல்லது பத்திரிகைத் துறையில் வேலை செய்கிறார்களா?"

கணவர் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சாடை காட்டினார்.

"ஆமா, நான் செய்யறேன்" என்றாள் அக்கா.

"அடிப்பாவி!" என்றார் கணவர்.

திரை நன்றி சொல்லித் தானாக மூடிக்கொண்டது. வந்தவர் டேப்லட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். நான்கு மாடி வீணாய்ப் போனது அவர் முகத்தில் தெரிந்தது. "தண்ணி கிடைக்குமா மேடம்?"

அவரை உட்காரவைத்தாள். கணவர் கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், ஆனால் போனவர் மூன்று பேருக்குத் தேநீர் போட அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. வந்தவர் இருபத்தாறு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவர். கவுண்டர்களை எடுத்துவிட்டு இயந்திரங்கள் வைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இந்த வேலையில் அன்று ஐந்தாவது நாள்.

"நான் சரியாப் படிக்கிறேனான்னே தெரியல மேடம். பாதி வீட்டுல பாதியிலேயே கதவைச் சாத்திடறாங்க. நீங்க அனுபவசாலி. ரெண்டு மூணு கேள்வி படிக்கிறேன், கேட்டுச் சொல்றீங்களா? பழகறதுக்குன்னு தனிப் பக்கம் இருக்கு, இது எங்கயும் போகாது."

அக்கா யோசித்தாள். விதியில் இதற்குத் தடை எதுவும் நினைவுக்கு வரவில்லை. "படிங்க."

"கடந்த ஓராண்டில் விலைவாசி உயர்வு உங்கள் அன்றாட வாழ்க்கையை எந்த அளவு பாதித்துள்ளது?"

"நல்லாப் படிக்கிறீங்க. குரல் ஏறல, இறங்கல."

"பதில் வேணுமே மேடம். எழுதிப் பழகணும்."

அக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள். அது இந்தப் பக்கம் திரும்பி வந்து நின்றதில்லை.

"மூணுன்னு போட்டுக்குங்க. ஆனா அது பொய்" என்றாள். "நிறைய பேர் மூணுதான் சொல்வாங்க. பாதிச்சிருக்குன்னு சொல்ல வெக்கம். பற்பசை டியூபைக் கத்தரிக்கோலால வெட்டி வழிச்சு எடுக்கிறோம்னு கதவுல நிக்கிற ஆள்கிட்ட யார் சொல்வா? நான் வெட்டறேன். எங்க வீட்டுல அவருக்கே தெரியாது."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"புதிய தொழில்நுட்பம் உங்கள் வாழ்க்கையை எளிதாக்கியுள்ளதா?"

"எளிதாத்தான் ஆக்கியிருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன் சார். பேங்க் மெஷின் முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் பின்னாடி நிக்கிறவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாரி, சாரி, கொஞ்சம் பழக்கமில்லன்னு. நீங்க கவுண்டர்ல இருந்தப்ப யாராவது அப்படி மன்னிப்புக் கேட்டாங்களா?"

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "இல்ல மேடம். திட்டுவாங்க."

"அதுதான் நல்லது" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அவளுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது, நிறுத்தவும் மனமில்லை.

"கடைசிக் கேள்வி. திறந்த கேள்வி, சொல்வதை அப்படியே எழுதவும்... ஐயோ, இது எனக்குப் போட்ட குறிப்பு. மன்னிச்சுக்குங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "அடுத்த ஆண்டு இதே நேரம் நீங்கள் எங்கே, எப்படி வாழ விரும்புகிறீர்கள்?"

தூண்டில் இல்லை. லிஃப்ட் இல்லை, பால்கனி இல்லை, "தானே" இல்லை, "பிடிக்கும்ல" இல்லை.

"இங்கயேதான்" என்றாள் அக்கா. "அந்தப் புதுக் குடியிருப்புக்குப் போக எனக்கு இஷ்டம் இல்ல."

கணவர் கையில் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். "என்னது? மூணு வாரமா புரியுது புரியுதுன்னியே!"

"நீங்க சொன்னது புரிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லலியே."

"ஏன் இஷ்டமில்ல? லிஃப்ட் இருக்கும்மா அங்க!"

அக்கா தயங்கினாள். மனதுக்குள் இரண்டு குவியலாகப் பிரித்தாள். அங்கே கதவோரம் கேட்டதெல்லாம் ஒரு குவியல், அதைத் தொடவில்லை. "அங்க இருக்கறவங்க சொன்னது அவங்களோடது, அதை நான் சொல்லமாட்டேன். என் முழங்கால் சொன்னது என்னோடது. மூணு நாள் போனேன், மூணு நாளும் ஆறாவது மாடிக்கு நடந்துதான் ஏறினேன்."

தட்டு மேசைக்கு வந்தது. "உனக்காகத்தானே நான் அங்க போலாம்னு பாத்தேன். எனக்கென்ன, இங்கேருந்து பட்டறைக்கு ஒரே பஸ்." பிறகு, மெதுவாக, "ஆனா வாடகைக்கு எங்க போறது?"

"காரை வித்துடலாம்."

அது அவருடைய பழைய கார். மாத வாடகை கொடுத்து நிறுத்திவைத்து, ஞாயிறுதோறும் துடைத்து, மனைவியை உட்காரவைத்து ஊரைச் சுற்றுவார். அதற்குக் கட்டுகிற பணத்தோடு எரிபொருளையும் காப்பீட்டையும் சேர்த்தால் வாடகை உயர்வில் பெரும்பகுதி ஈடாகிவிடும். அக்கா அதை எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"காரா! அதுல போறதுன்னா உனக்கு உயிராச்சே!"

"எனக்கு அதுல ஏறினாலே குமட்டும். பத்து வருஷமா வாயில கிராம்பு அடக்கிட்டுதான் வர்றேன்."

"பத்து வருஷமா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாரா வாரம் கேட்டேனேடி!"

"சூப்பரா இருக்குல்லன்னு கேட்டீங்க. அதுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நியாயம் தேடும் கண்களோடு காசாளரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?"

காசாளர் அவசரமாகத் தேநீரைக் குடித்தார். "நான் கருத்துச் சொல்லக்கூடாது சார். வேலை போயிடும்."

காசாளர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பொழுது சாய்ந்தபோது கணவர் வானொலியைப் போடப் போனவர் போடாமல் திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துக் கேட்டார். "வேற என்னெல்லாம்... நீ என்ன நினைக்கிற?"

அவருக்கு அன்று இரவு உணவு தாமதமாகத்தான் கிடைத்தது.

திங்கள்கிழமை புதுக் குடியிருப்புக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கார் விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. பத்து நாள் முரண்டு பிடித்தார். பொதுப் போக்குவரத்தின் சீர்கேடு பற்றி மனைவிக்கு விரிவாக எடுத்துச் சொன்னார். அவள் இப்போது "புரியுது" என்று சொல்லவில்லை, எதிர்த்துப் பேசினாள். கீழ்வீட்டு அம்மா ஒரு நாள் மாடியேறி வந்து, "என்னக்கா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கவலையோடு விசாரித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. சண்டை போட்டுட்டிருக்கோம்" என்று அக்கா அவளை அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு, வாங்க ஆள் கிடைத்து, காரை ஒப்படைக்கப் புறப்பட்டார்கள். அவர் அதைத் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்க்கலாம். அக்கா முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்தாள். பிரேக்கை இப்படியா மிதிப்பது என்றாள், லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவானேன் என்றாள், ஒலிப்பானை இத்தனை முறை அடிக்கிற ஆளுக்கு உரிமம் கொடுத்தது யார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, விவரமாகப் பதில் சொன்னார். பத்து நிமிட வழி. போய்ச்சேர முக்கால் மணி ஆனது.