பெரிய கங்காணிக்கு முதல் கிண்ணம்

முப்பதுகளின் கடைசியில் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை, இருந்தது. அப்பா, அம்மா, நான். அப்போது நானும் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு இல்லாமல் எங்கள் காம்பராவில் ஒரு விருந்தாளி ராத் தங்கக்கூடாது. கூடப் பிறந்தவர்களாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். லயத்து நாய்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவை நினைத்த வாசலில் படுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் என் தாய்மாமாவுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து விரட்டியிருந்தார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, லயமும் போச்சு. அவர் செய்த குற்றம், கண்டியில் நடந்த தொழிலாளர் கூட்டத்துக்குப் போனதும், அங்கே கேட்டதை வந்து நாலு பேரிடம் சொன்னதும்தான். இனி அவர் தோட்டத்தில் காலை வைத்தால் பிடித்து மறியலில் அடைப்பார்கள், அவரை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கும் பத்துச்சீட்டு என்று, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தார் திருநாளுக்கு முதல் நாள் பொழுது சாயும்போது மாமா எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். அலவத்துகொடையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் அவருக்கு வேலை கொடுத்திருந்தார். அவர் கொடுத்தனுப்பிய ஆட்டெலும்பு கையில் இருந்தது. அம்மா தம்பியின் தலையைத் தடவி அழுதாள். அப்பாவுக்குப் பயத்தில் கோபம் வந்தது.

"ஒன்னால நாங்களும் தெருவுல நிக்கணுமாடா?" என்றார்.

"நத்தாருக்கு அக்கா வீட்டுக்கு வராம எங்க போறது மச்சான்? நாளைக்கு இருட்டுனதும் போயிருவேன்" என்றார் மாமா.

நத்தார் என்றால் எங்கள் வீட்டில் சூப்பு. சின்ன வயதில் துரை பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தபோது மாமா அதைக் கற்றுக்கொண்டார். வருஷா வருஷம் அவர்தான் வைப்பார். லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் ஒரு கிண்ணம் போகும். இந்த வருஷம் நானே வைக்கிறேன் என்றாள் அம்மா.

"நீ வச்சா சூப்பா இருக்காது அக்கா, வெந்நியா இருக்கும்" என்று மாமா சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டினார். எலும்பு வெந்து மஜ்ஜை இளகிய பிறகு மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டார். கடைசியில் சாதிக்காயை நெருப்பில் வாட்டி, கல்லில் உரசி, ஒரு துளி சேர்த்தார். அப்பாவே சிரித்துவிட்டார். பல மாதமாக அந்தக் காம்பராவில் சிரிப்புச் சத்தம் இல்லை.

அம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள். முதல் கிண்ணம் எப்போதும் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டுக்கு. அது மரியாதை. கொடுக்காவிட்டால் அதுவே பேச்சாகிவிடும். அங்கே கொடுத்துவிட்டு, லயத்துக்கும் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்து உட்காரவில்லை, பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி வந்திருக்கா? வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. இந்தச் சூப்பு வேற யாருக்கும் வராது" என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. உத்தரவையும் காவலுக்கு நிற்கும் வாச்சர்களையும் நினைத்துப் பயந்துகொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் நாக்கு என்று ஒன்று இருப்பது நினைவில்லை. கங்காணியும் வருஷா வருஷம் அதைக் குடித்தவர்தானே. மாமா பின்வாசலைத் திறந்தார். அங்கே இரண்டு வாச்சர்கள் நின்றார்கள். முன்வாசலில் பெரிய கங்காணி.

"ஒந்தம்பிய வெளிய வரச் சொல்லு" என்றார்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நத்தாருக்கு எங்க வீட்டுக்கு வந்திருக்குங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிரும்."

"வீடு ஒன்னோடதா? தொரையோடது."

மாமா தானாக வெளியே வந்தார். லயத்தில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் பேசவில்லை. சட்டியில் பாதிக்கு மேல் சூப்பு இருந்தது. மறுநாள் அப்பா அதை வாசலில் ஓடும் சாக்கடைக் கானில் கொட்டினார். அந்த வாரமே எங்களுக்கும் பத்துச்சீட்டு வந்தது.

கண்டிக் கோர்ட்டில் வழக்கு. அத்துமீறிப் புகுந்த குற்றம். அக்கா வீட்டுக்குப் போவதற்குச் சட்டத்தில் அதுதான் பெயர். சாட்சிக் கூண்டில் பெரிய கங்காணி, உள்ளே இருந்த ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர் என்ற கேள்விக்கு, சூப்பைக் குடித்துக் கண்டுபிடித்தேன் என்றார். கோர்ட்டே சிரித்தது. "குடிச்சு முடிச்சதும் நேரா பங்களாவுக்குப் போயி தொரைகிட்ட சொன்னேனுங்க" என்று அவர் பெருமையாக விளக்கினார்.

மாமாவுக்கு மறியல் விழுந்தது. வெளியே வந்து மழையில் நின்றோம். பெரிய கங்காணியை 'அய்யா' என்பதைத் தவிர வேறு சொல்லால் அம்மா அதுவரை குறிப்பிட்டதில்லை.

"முழுசாக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள்.