வயிற்றைக் கலக்கும் படங்கள்

செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் பார்க்கிறார் அருள்ராணி. பிறகு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். இடது கை தானாக வயிற்றுக்குப் போகிறது.

“அய்யய்யோ, இந்த மஞ்சளப் பாருங்களேன். வயித்தக் கலக்குதுங்களே!”

அரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கிற ஃபிளெக்ஸ் கடையில் காலையில் இந்தக் குரல் கேட்டால், உலகத்தில் எங்கேயோ யாரோ நல்ல படம் ஒன்று வரைந்துவிட்டார் என்று அர்த்தம். வரைந்தவர் கொரியாவில் ஒரு பெண்ணாக இருக்கலாம். பிரேசிலில் ஒரு தாடிக்காரராக இருக்கலாம். வரைந்து முடித்துவிட்டு அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள். கவலைப்படுகிற வேலையை மட்டும் இங்கே அருள்ராணி பார்த்துக்கொள்கிறார்.

நல்ல படம் பார்த்தால் மற்றவர்களுக்கு மனம் குளிரும். இவருக்குப் பரீட்சை ஹாலுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். “சுமாரான படம் பாத்தா ஒன்னுமில்லீங்க, ஜாலியா டீ குடிக்கலாம். நல்லத ஒன்னு பாத்துட்டம்னா அன்னிக்குப் பூரா நம்ம கை போடறதெல்லாம் தப்பாவே தெரியுது.” அப்படியானால் பார்க்காமல் இருக்கலாமே என்று கேட்டால், “அது எப்படீங்க முடியும்?” என்று, சோறு தின்னாமல் இருக்கச் சொன்னதைப் போலப் பார்ப்பார்.

போனில் மட்டும் தேடுகிறார் என்றில்லை. விதைப் பாக்கெட்டின் தக்காளி, லாரியின் பின்பக்கக் கழுகு, வத்தல்மலையிலிருந்து வருகிற காப்பித்தூள் பொட்டலத்தில் யாரோ புதிதாகப் போட்டிருக்கிற குருவி என்று எதையும் விடமாட்டார். பள்ளிக்கூடச் சுவர் ஒன்றில் கல்லூரிப் பிள்ளைகள் நீலத்தில் ஒரு மாடு வரைந்திருந்தார்கள். அதைப் பார்க்க ஓடுகிற பஸ்ஸில் விசில் கொடுக்கச் சொல்லி இறங்கிவிட்டார். கண்டக்டர், “என்னாம்மா, ஊட்டுக்காரர் நிக்கறாரா?” என்று கேட்க, “இல்லீங்க, மாடு நிக்குது” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க அந்தக் கண்டக்டர் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று தவித்தார்.

தொலைதூரத்து ஓவியர்களிடமும் அதே பயம்தான். ‘சூப்பர் சிஸ்டர்’ என்று டைப் அடிப்பார், அழிப்பார். ஒரு முறை யாரோ ஒருவருடைய பழைய படங்களை அடிவரைக்கும் தோண்டிக்கொண்டு போனபோது, விரல் தவறி லைக் விழுந்துவிட்டது. உடனே போனை அணைத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். “இவ்ளோ பழசு வரைக்கும் ஒருத்தி வந்து நோண்டியிருக்கறாளேன்னு அந்தம்மா பயந்துக்காதுங்களா?” அந்தம்மா இருப்பது பின்லாந்தில்.

பிழைப்பு என்னவோ பேனர் டிசைன்தான். காதுகுத்து, கல்யாணம், பூப்பு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. அந்த வேலையின் இலக்கணம் முழுக்க வட்டத்தில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாருடைய முகமும் வட்ட வட்டமாக வரவேண்டும். பெரிய வட்டம், நடுவட்டம், பொடிவட்டம். தாய்மாமன் வட்டம் சித்தப்பன் வட்டத்தைவிட ஒரு நூல் குறைந்தாலும் பந்தியில் இலை பறக்கும். இந்தக் கணக்கில் அருள்ராணிக்கு இதுவரை தவறு வந்ததில்லை. தவறு வந்தது வேறு இடத்தில்.

பிரேசில்காரர் ஒருவர் கறுப்பு வானத்தில் சின்னச் சின்னதாக விளக்குகளைத் தொங்கவிட்டு ஒரு படம் போட்டிருந்தார். அந்த மயக்கத்தில் ஒரு கல்யாண பேனருக்குக் கறுப்பில் பின்னணி வைத்துவிட்டார் இவர். நிஜமாகவே அழகாக இருந்தது. மண்டபத்து வாசலில் கட்டியதும், பஸ்ஸிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அத்தை, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “என்னா வயசுப்பா, பாவம்!” என்று அழுதுகொண்டே வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கறுப்பு பேனர் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

கடை முதலாளி கிருஷ்ணப்பன் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கோபம் வந்தால் முதலில் கன்னடம் வரும், பின்னாலேயே தமிழ் ஓடிவரும். “அய்யோ தேவ்ரே! ஏம்மா, வாழப்போற புள்ளைங்கள வானத்துக்கு அனுப்பிட்டியேம்மா!” அன்றிலிருந்து எந்த வேலைக்கும் அருள்ராணி இரண்டு ஃபைல் போடுகிறார். ஒன்று தனக்குப் பிடித்தது. இன்னொன்று அருவி, தங்கச் சிம்மாசனம், இரண்டு மயில், ஒரு புலி. பார்ட்டிக்குக் காட்டுவது எப்போதும் இரண்டாவதைத்தான். முதலாவதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கிற எனக்கு மட்டும் காட்டுவார். காட்டிய கையோடு, “நல்லால்ல, இல்லீங்க?” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

போன வாரம் மாதவராஜ் வந்தார். தீர்த்தமலை ரோட்டில் தோட்டம், மரவள்ளிக்கிழங்கு வியாபாரம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பைக்கை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுகிற ஆள். தங்கை மாதம்மாளின் மகள் பிரியதர்ஷினிக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் பேனர்.

“கைகாட்டி முக்குல, பஸ் நிக்கற எடத்துல வெக்கணும். எட்டுக்குப் பதினாறு அடி. புள்ள படம் நடுவுல, ஆளு ஒசரத்துக்கு. எம்படம் பக்கத்துல. போட்டோ தங்கச்சி அனுப்பும். திருவண்ணாமல பஸ்ஸுல போறவன் கழுத்து சுளுக்கிக்கணும், பாத்துக்க!”

“சார் ஊருக்கே நாமதான் செய்யறோம், ஜமாய்ச்சிடுவோம்” என்றார் கிருஷ்ணப்பன். மாதவராஜ் போனதும் அருள்ராணியிடம், “இவரு போனா அந்தப் பக்கத்து ஊரு மொத்தமும் போயிடும். புலி போடு. மயிலு போடு. நடுவால உன் கொரியா வேணாம்” என்றார்.

மாதம்மாளின் எண்ணிலிருந்து போட்டோ வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவும் வந்தது. அதைக் கேட்ட அருள்ராணி, போனைக் கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு என் கடைக்குள் வந்தார். “நான் சரியாத்தான் கேட்டனா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

கிசுகிசுப்பு. பின்னால் எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். “அக்கா, நான் பிரியதர்ஷினிங்க. அம்மா தண்ணி புடிக்கப் போயிருக்குது. எம்போட்டோ போடாதீங்க அக்கா. கைகாட்டிலதான் எங்க ஸ்கூல் பஸ் நிக்கும். பசங்க எல்லாம் அத வெச்சே பேசுவானுங்க. அப்புறம் நான் ஸ்கூலுக்கே போவமாட்டேன். நான் சொன்னேன்னு மாமாகிட்ட சொல்லிடாதீங்க, வூட்டுல அடி விழும். ப்ளீஸ்க்கா.”

“சரியாத்தான் கேட்டீங்க” என்றேன். அருள்ராணியின் முகத்தில், தப்பாகக் கேட்டிருக்கலாமே என்கிற ஏக்கம் தெரிந்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று அந்தப் பதிவை அங்கேயே அழித்தார். அழித்த பிறகு, “பாவம், அந்தப் புள்ள கொரலப் போயி அழிச்சிட்டனே” என்று வருந்தினார்.

அதற்குப் பிறகு அவர் புலியையும் தொடவில்லை, மயிலையும் தொடவில்லை. சேமித்து வைத்திருந்த படங்களில் எதையோ தேட ஆரம்பித்தார். மதியம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாமே முதுகுகள். பஸ் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிற கொரியாப் பெண்ணின் முதுகு. வலையைத் தோளில் போட்டு நடக்கிற ஒரு மீனவர். துணி காயப்போடுகிற ஓர் அம்மா. அதை வரைந்தவன் கேரளத்தில் படிக்கிற பையனாம்.

“பாருங்களேன், மூஞ்சியே இல்ல. ஆனா இந்தம்மா சந்தோசமா இருக்குது, இந்தாளு கடுப்புல போறாருன்னு தெரியுது. எப்படீங்க தெரியுது?” கை வயிற்றில் இருந்தது. “எல்லா ஊர்லயும் இதத்தான் போட்டுக்கினு இருக்கறாங்க. நானு இத்தினி நாளா மூஞ்சிய வட்டமா வெட்டிக்கினு உக்காந்திருக்கறேன்.”

மாதம்மாளுக்கு போன் செய்து, சடை அலங்காரம் எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று ஏதோ சாக்குச் சொல்லிப் பின்பக்கமாக ஒரு படம் வாங்கினார். பிறகு இரண்டு நாள் பென்சிலும் மவுஸுமாக உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. பல்லி கத்தினால் நிமிர்ந்து பார்த்து, “மாதாவே, நல்லதுக்கா கெட்டதுக்கா?” என்றார். இடுப்புக்குக் கீழே இறங்குகிற சடை, அதில் மல்லிகை, நடுவில் கனகாம்பரம். பாவாடை தாவணியில் ஒரு பெண் தீர்த்தமலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மலைக்கு மேலே, போனில் பார்த்துத் தவித்த அந்த மஞ்சள். ஒரு காலை மட்டும் லேசாகத் தூக்கியிருந்தாள், அடுத்த நிமிடம் ஓடப்போகிறவளைப் போல. வலது மூலையில் மாதவராஜின் முகம், பெரிய வட்டத்தில்.

மாதவராஜ் வந்து திரையைப் பார்த்தார். நானும் உள்ளே ஓரமாக நின்றிருந்தேன். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“புள்ள எங்க?”

“இதாங்கண்ணா.”

“இது சடை. எம்புள்ளைக்கு மூஞ்சி எங்க?”

கிருஷ்ணப்பனுக்கு வியர்த்தது. “தேவ்ரே! சார், இது சும்மா சாம்பிளு. இன்னொன்னு இருக்குது. இந்தம்மா எப்பவும் ரெண்டு போடும்” என்று மவுஸைப் பிடுங்கினார். ஃபோல்டரைத் திறந்தார், மூடினார், வேறொன்றைத் திறந்தார். ஊரில் இருக்கிற எல்லாருடைய மயிலும் இருந்தது. மாதவராஜுடையது இல்லை.

“இந்தத் தடவ ஒன்னுதாங்க போட்டேன்” என்றார் அருள்ராணி, கீபோர்டைப் பார்த்துக்கொண்டு.

மாதவராஜ் குரலை இறக்கினார். அவர் கத்தும்போதுகூட அவ்வளவு பயம் வராது. “ஏம்மா, புள்ள ஏதாச்சும் சொல்லுச்சா?”

அருள்ராணிக்கு முகத்துக்கு நேராகப் பொய் வராது. பஸ்ஸில் ஒரு ரூபாய் சில்லறை அதிகமாக வந்தால்கூட முகம் சிவந்துவிடும். இப்போது காது மடல்வரை சிவந்தது. “இல்லீங்கண்ணா. நாந்தான். நானா ஆசப்பட்டு…”

“ஆசப்பட்டா உன் வூட்டு பேனருல போட்டுக்கறது!”

“அண்ணா, புள்ளய உக்கார வெச்ச குச்சுக்கு ஓலை நீங்கதாங்க கட்டுனீங்க?”

“பின்ன? தாய்மாமன் கட்டாம?”

“நாலு பக்கமுங்களா?”

“நாலு பக்கமும்தான். தண்ணி ஊத்தற வரைக்கும் ஒரு ஆம்பள கண்ணு படக்கூடாதில்ல. பால்காரனயே சுத்திக்கினு வரச் சொல்லியிருக்கறேன். எலி பூர்ற சந்துகூட வுடல.”

“அதாங்கண்ணா… கைகாட்டில… எட்டுக்குப் பதினாறுல…”

அதற்கு மேல் வரவில்லை. திரையில் இருந்த சடையைக் கையால் காட்டினார். கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாதவராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சடை எங்காத்தா சடையாட்டமே இருக்குது” என்றார் ஒரு வழியாக. “காலத் தூக்கிக்கினு நிக்கறது நம்ம புள்ளயேதான். அந்தக் கழுத ஒரு எடத்துல நிக்காது.”

அவருடைய விரல் திரையில் மெதுவாக நகர்ந்து, வட்டத்துக்குள் இருந்த தன் முகத்தில் வந்து நின்றது.

“ஏம்மா, புள்ள அந்தப் பக்கம் பாக்குது. நான் இந்தப் பக்கம் பல்லக் காட்டிக்கினு இருக்கறேன். பாக்கறவன் என்னா நெனப்பான்? மாமனுக்கும் புள்ளைக்கும் சண்ட, மூஞ்சி குடுத்துப் பேசறதில்லன்னு நெனப்பான். நான் சீர் தட்டத் தூக்கிக்கினு அது கூட நடக்கறவன்ல?”

“எடுத்துடட்டுங்களாண்ணா?”

“எடுத்துட்டா மாமன் வரலம்பான்.” எழுந்தார். கிருஷ்ணப்பனின் மேஜையில் இருந்த டீ தட்டை, டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். கடைக்கு முதுகைக் காட்டி, பஸ் நிலையத்தைப் பார்த்து, விறைப்பாக நின்றார். “போடு. என்னையும் இப்பிடியே போடு. ஊர்ல எவனாச்சும் சிரிச்சான், இந்தக் கடய வந்து ஒடைப்பேன், சொல்லிட்டேன்.”

தெருவில் போனவர்கள், டீ தட்டோடு நிற்கிறவரை ஆளுக்கொரு விதமாகப் பார்த்தார்கள். அருள்ராணி பென்சிலை எடுத்தார். அது கையிலிருந்து விழுந்தது. மறுபடி எடுத்தார்.

மாதவராஜ் திரும்பாமலே, வேறொரு குரலில், மெதுவாகக் கேட்டார். “பின்னாடி சொட்ட தெரியுதா?”

தெரிந்தது. உச்சியில் வெயில் பட்டு, தோசைக்கல் அகலத்துக்கு. கிருஷ்ணப்பன் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்தார். பேப்பர் முழுக்கத் தலைமுடியாகவே போடு என்பதைப் போலத் தன் தலையைத் தடவிக் காட்டினார்.

அருள்ராணி அவரைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வெள்ளைக் காகிதத்தின் முதல் கோடாக, அந்தச் சொட்டையை வளைத்துப் போட்டார்.