கிணத்துக்கடவில் எழுந்து நின்றவர்கள்

கேசட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருமுன் கேட்கும் அந்த ‘உஸ்’ இன்றும் என்னை உலுக்கும்.

தொண்ணூறுகளில் கோவையில் நாங்கள் நால்வர் ராக் பேண்ட் வைத்திருந்தோம். டிரம்ஸ் இடியாக இடிக்கும். அதற்குள் மெட்டு மழையாக இறங்கும். ஒரே பாட்டைப் பதிவு செய்து கேசட் கடையில் கொடுத்தோம். யாரும் சீந்தவில்லை. பேண்ட் கலைந்தது. கிதாரை விற்கப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஓடிய கேசட்டில் சினிமாப் பாட்டுகள் முடிந்தன. ‘உஸ்’. பிறகு, என் கிதார்!

எங்கள் பாட்டேதான். அதைவிட அதிர்ச்சி, பாட்டு தொடங்கியதும் பாதி பஸ் எழுந்து மூட்டைகளைத் தூக்கியதுதான்.

“ஏனுங்க, எல்லாரும் எந்திரிக்கறாங்க?” கண்டக்டரிடம் கேட்டேன்.

“உக்கடத்துல பஸ் எடுக்கறப்பக் கேசட்டப் போட்டா, இந்தப் பாட்டு வர்றப்ப இவங்க எறங்கற கிணத்துக்கடவு வந்துருமுங்க. சினிமாப் பாட்டு போக மிச்சமிருந்த டேப்புல கேசட் கடைக்காரர் இதப் பதிஞ்சு குடுத்துப்போட்டாரு.”

“நான் வாசிச்சதுங்ணா. இந்தக் கிதாரத்தான் விக்கப் போறேன்.”

“அட கொடுமையே!”

யாருமே கேட்காத பாட்டென்று நான் நினைத்ததற்கு ஓர் ஊரே எழுந்து நின்றிருந்தது, தினமும். அவர்களோடு நானும் இறங்கினேன்.

“தம்பி, டிக்கெட்டு பொள்ளாச்சிக்குங்களே?”

“விக்கலீங்ணா. திரும்பிப் போறேன்.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அப்ப இன்னொண்ணு பாடிக் குடுங்க. பொள்ளாச்சியில எறங்கறவங்களுக்கும் ஒரு பாட்டு வேணுமில்லீங்க?”