ஒரு கால் குறைஞ்ச கையெழுத்து

நான் காலேஜ் போனவன். டெய்லி போனேன், ஒரு நாள் கூட கட் அடிச்சதில்ல. சரி சரி, பொய்தான். நான் போனது காலேஜுக்குப் பின்னாடி இருந்த கிரவுண்டுக்கு, அதுவும் கேட்டு வழியா இல்ல, காம்பவுண்டு சுவத்துல இருந்த ஓட்டை வழியா. ஸ்கூலே மூணாங்கிளாஸோட என்னைக் கைகழுவிடுச்சு. இதைக்கூட நான் எழுதல, போன் கிட்ட பேசறேன், அதுவே எழுதிக்குது. என்னைவிடப் படிச்ச போனு.

அந்த ஓட்டைக்குள்ள தலைய வுட்ட உடனே வர்றது வாசனைதான். மழையில நனைஞ்சு பாதி காஞ்ச செம்மண்ணு, கோடு போட்ட சுண்ணாம்பு, இது ரெண்டுக்கும் மேல அவிச்ச முட்டை. பிராக்டிஸ் முடிஞ்சதும் பிளேயர்ஸுக்கு காலேஜுல முட்டை குடுப்பாங்க. காலேஜ் ஃபுட்பாலுக்கு இந்த வருஷம் எவ்ளோ ஃபண்டு ஒதுக்கினாங்கன்னு எங்களுக்கு எவனும் வந்து சொல்ல வேணாம், பசங்க கையைப் பாத்தாலே போதும். ஒரு காலத்துல ஆளுக்கு ரெண்டு முட்டையாம். நான் போக ஆரம்பிச்சப்ப ஒண்ணு. அப்புறம் ஒரு முட்டைய நூலால அறுத்து ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியும் நின்னு போயி வேர்க்கடலை வந்துச்சே, அந்த வருஷத்துக் கதைதான் இது.

கிரவுண்டு ஓரத்துல மூணு சிமெண்டுப் படி இருந்துச்சு, அதுக்குப் பேரு "கேலரி". அங்க ஒக்காந்தவங்கள்ல ஒருத்தர் கூட அந்தக் காலேஜுல படிச்சதில்ல. எங்க அப்பா கூட்ஸ் ஆட்டோ ஓட்டறவரு, மத்தவங்க பெயிண்டரு, வெல்டரு, மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்க. ஆனா பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல எங்க லைன் வீடுங்க முழுக்க அது "நம்ம காலேஜ்"தான். நம்ம காலேஜ் தோத்துட்டா எங்க வீட்டுல அன்னைக்கு ரேடியோ கூட போடக்கூடாது.

கேலரியில ரெண்டு கட்சி. "கோச் கட்சி"க்கு எங்க அப்பா தலைவரு, கோச்சை மாத்தணும்பாங்க. "ஃபண்டு கட்சி"ல ஒரே ஒரு ஆளு, ரோஸி ஆன்ட்டி. காலேஜ் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கற வேலை அவங்களுக்கு, அதனால பிரின்சிபால் ரூமுல யாரு தும்மினாலும் சாயங்காலம் கேலரிக்கு நியூஸ் வந்துடும்.

"கோச்சு மாறினா ஜெயிப்போம், ஜெயிச்சா தானா ஃபண்டு வரும். இது கூட புரியலன்னா இன்னாக்கா நீ?"ம்பாரு அப்பா.

"ஏம்பா சேகரு, உன் ஆட்டோவுல பெட்ரோல் இல்லன்னா டிரைவரையா மாத்துவ? அந்தப் புள்ளைங்க காலைப் பாரு, ஷூவுல வாய் தொறந்து விரலு எட்டிப் பாக்குது. அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு?"

"கத்தலாம் இல்ல? கத்தாத கோச்சு இன்னா கோச்சு?"

அதுதான் விஷயம். கோச் சாருக்குக் கத்த வராது. கோலார் தங்கச் சுரங்கம் இருந்த கேஜிஎஃப்ல பொறந்து வளந்து, பெரிய டீமுக்கெல்லாம் ஆடி, அப்புறம் லிங்கராஜபுரத்துல குடியேறினவரு. தொண்டையில ஆபரேஷன் ஆகி கொரலு போயிடுச்சு. பேசினா சைக்கிள் டியூபுல காத்து எறங்கற மாதிரி வரும், பக்கத்துல நின்னாத்தான் கேக்கும். அதனால அவரு ஒரு வாய் வாடகைக்கு எடுத்தாரு. அந்த வாய் நான்தான்.

எனக்கு அப்ப பதினொரு வயசு இருக்கும். படிப்பு ஏறல, பந்து கால்ல நிக்கல, ஆனா கொரலு மட்டும் நான் இங்க கூப்பிட்டா ஹொசூர் பஸ்ஸு நிக்கும். மேட்ச் அன்னைக்கு கோட்டுக்கு வெளிய சார் பக்கத்துல நிப்பேன். அவரு "லெஃப்டுல ஏறச் சொல்லு"ன்னு காதுல சொல்லுவாரு, நான் "லெஃப்டுல ஏர்றா"ன்னு ஒரு கத்து. சில சமயம் "எருமை"ன்னு என் சொந்தச் செலவுல ஒண்ணு சேத்துக்குவேன். பசங்க கோச்சுக்க மாட்டாங்க. என் கொரலு வந்தா அது சாரோட ஆர்டர்னு அவங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஒரு மேட்ச், டிரா ஆனாலே நாங்க அடுத்த ரவுண்டு. கடைசி நிமிஷம் வரைக்கும் கோல் கணக்கு சமம், எங்களுக்கு கார்னர். கேலரி மொத்தமும் எழுந்து நின்னு, "கீப்பர் ஏறு! கீப்பர் ஏறு!"ன்னு கூவுது, எங்க அப்பா சட்டையக் கழட்டிச் சுத்தறாரு. சார் குனிஞ்சு என் காதுல, "கீப்பரை அங்கயே நில்லுன்னு சொல்லு"ன்னாரு.

நல்லாக் கேட்டுச்சு. கேக்கலன்னு சொன்னா அடுத்த பொய். எங்க அப்பா அந்தப் பக்கம் சட்டையச் சுத்தறாரு, மொத்த கேலரியும் என் வாயைத்தான் பாக்குது, அந்த ஒரு நொடி நான்தான் கோச்சுன்னு எனக்கு ஒரு திமிரு. "கீப்பர் ஏறு!"ன்னு கத்திட்டேன். கீப்பர் ஏறிட்டான். கார்னரை அவங்க தலையால வெளிய தட்டி, ஒருத்தன் அங்கருந்து ஒரே ஒதை. பந்து காலியா கெடந்த எங்க கோலுக்கு உருண்டு உருண்டு, ஜாலியா வாக்கிங் போற மாதிரி உள்ள போச்சு. மேட்ச் முடிஞ்சுது.

கேலரி சாரைத் திட்டாத திட்டு இல்ல. "கீப்பரை எவன்யா ஏறச் சொல்றது?"ன்னு, ஏறச் சொன்ன அதே வாயிங்க. சார் சுண்ணாம்பு டப்பாவ எடுத்துக்கிட்டு நடந்தாரு. என் வாய்க்கு அன்னைக்குத்தான் மொதல் தடவையா ரெஸ்ட்டு.

அடுத்த நாள் அப்பா ஒரு பேப்பரோட வந்தாரு. கோச்சை மாத்துங்கன்னு பிரின்சிபாலுக்கு இங்கிலீஷுல யாரையோ வெச்சு எழுதி வாங்கியிருந்தாரு. எல்லாரும் இங்க் பேடுல கட்டை விரலை அழுத்தி வெக்கறாங்க. ரோஸி ஆன்ட்டி மட்டும், "நான் வெக்க மாட்டேன், அந்த மனுசன் பாவம் நமக்கு வேணாம்"னு எழுந்து போயிட்டாங்க. அப்ப அப்பாவுக்கு ஒரு பெருமை கெளம்பிச்சு. "எம் பையன் ரேகை வெக்க மாட்டான், கையெழுத்துப் போடுவான் பாரு! வாடா ராஜா!"

என் பேரை எழுத நான் ஸ்கூல்ல கத்துக்கல, எங்க தெரு முனையில இருந்த பேக்கரி போர்டைப் பாத்துக் கத்துக்கிட்டேன். அதுலயும் ராஜான்னுதான் போட்டிருந்துச்சு. அந்தப் பேப்பருல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு ரொம்ப நாள் ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தெரியும். ஆனா பேனா கைக்கு வந்துடுச்சு, எல்லாரும் பாக்கறாங்க. எல்லாக் கட்டை விரலுக்கும் மேல, பெருசா, இட்லி சைஸுல எழுதினேன். கைதட்டினாங்க.

காலேஜுல அந்தப் பேப்பரைக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களாம். ஃபண்டைக் கொறைக்க வழி தேடிக்கிட்டு இருந்தவங்களுக்கு நாங்களே கொண்டு போயிக் குடுத்துட்டோம். "இருக்கற கோச்சை நிறுத்திட்டாங்க, புதுசா யாரையும் போடறதா பேச்சே இல்ல. இப்ப சந்தோஷமா சேகரு?"ன்னு ரோஸி ஆன்ட்டி வந்து சொன்னப்ப, அப்பா பீடியத் தலைகீழா வாயில வெச்சுக்கிட்டாரு.

கடைசி நாள் சார் கிரவுண்டுக்கு வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாரு. படியில ஒக்கார வெச்சு, பையிலருந்து அந்தப் பேப்பரோட ஜெராக்ஸை எடுத்து விரிச்சாரு.

"இது யாருடா?"ன்னு என் கையெழுத்தைக் காட்டினாரு.

"நான்தான் சார். ராஜா."

"ராஜா எங்கடா இருக்கு? ரஜான்னு இல்ல இருக்கு! ஒரு காலைக் காணோமே."

பேக்கரி போர்டுல மொத கால் பெயிண்டு உரிஞ்சு போயி எத்தனை வருஷமோ, யாருக்குத் தெரியும்? நான் உரிஞ்சதோட சேத்துக் கத்துக்கிட்டேன். பெங்களூர்ல பொறந்த குழந்தைக்குக் கூட தெரியும், கன்னடத்துல ரஜான்னா லீவு. சாரு தோளு குலுங்கச் சிரிக்கறாரு, சத்தமே வரல. "எல்லாருக்கும் மேல நீயே எனக்கு ரஜா எழுதிக் குடுத்துட்டியேடா! அவங்க குடுக்காம என்ன பண்ணுவாங்க?"

நான் அழ ஆரம்பிச்சேன். "சார், அன்னைக்கு கீப்பரு, நான்தான்"ன்னு தொடங்கினேன். முடிக்க வுடல.

"அது என் வாய்டா. வாய் தப்பாப் பேசினா ஆளைத்தானே திட்டுவாங்க?"

அப்புறம் பேனாவை எடுத்து, தன்னை அனுப்பச் சொன்ன அதே பேப்பருல, என் ர பக்கத்துல நிதானமா ஒரு கால் போட்டாரு. "காலு இல்லாம ஃபுட்பாலுக்கு எப்படிடா வருவ?"ன்னு அதை மடிச்சு என் ஜோபியில வெச்சுட்டு பஸ் ஏறிட்டாரு.

புது கோச் வரவே இல்ல. அடுத்த வருஷம் டீமும் இல்ல, முட்டையும் இல்ல, சுவத்து ஓட்டைய சிமெண்டு வெச்சு அடைச்சாங்க. அப்பா கடைசி வரைக்கும் தன் பேப்பராலதான் டீம் போச்சுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. அந்த "ஏறு" யாரோடதுன்னு நான் அவருக்குச் சொல்லவே இல்ல. இப்ப அதே எடத்துல பச்சைக் கம்பளம் விரிச்சு, வலை கட்டி, மணி நேரக் கணக்குல வாடகைக்கு வுடறாங்க. நான் அங்கதான் வேலை, பந்து பொறுக்கறது, பனியன் துவைக்கறது. தோத்தாலும் ஜெயிச்சாலும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க, கோச்சை மாத்துன்னு சண்டை போட ஒரு ஆளு இல்ல.

போன மாசம் மனசு கேக்காம லிங்கராஜபுரம் போனேன். நாலு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடிச்சேன். சாரே வந்து கதவைத் தொறந்தாரு, தலை முழுக்க வெள்ளை. இப்ப அந்த டியூபு காத்தும் கூட வர்றதில்லையாம், எல்லாம் எழுதித்தான் காட்டறாரு. நான் உள்ள போகாம வாசல்லயே நின்னு, அன்னைக்குச் சொல்ல வுடாததை மொத்தமும் சொல்லி முடிச்சேன். அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் நோட்டை எடுத்தாரு. எனக்குப் படிக்க வராதுன்னு மறக்கல போல, ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினாரு, அதுவும் இட்லி சைஸுல. எனக்குப் படிக்க வர்ற ஒரே வார்த்தை. நோட்டை என் பக்கம் திருப்பி—

"ராஜா! ராஜாண்ணா! பந்து வலையத் தாண்டி ரோட்டுக்குப் போச்சு!"

ஆங், அதேதான். ரெண்டு காலோட. தோ, வரேன்பா!