மணிக்கட்டில் சிக்கிய பணம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் கடலை ஒட்டிய மைதானம் ஒன்றில் உணவும் இசையுமாக ஒரு விழா நடந்தது. இதுபோன்ற இடங்களுக்கு நான் போவதில்லை. "வீட்ல உக்காந்து எங்களைத் திருத்தினது போதும், கொஞ்சம் வெளியில போய்ட்டு வாங்கப்பா" என்று என் மகள் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கையில் திணித்துவிட்டாள்.

துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து, எந்தக் கட்டணத்தை எந்த அதிகாரி தள்ளுபடி செய்யலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மைதானத்துக்குள் ரொக்கம் செல்லாது. வாசலில் மணிக்கட்டில் ஒரு துணிப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் பணம் ஏற்றிக்கொண்டு, கடையில் இருக்கும் கருவியில் கையைத் தட்டினால் தொகை கழியும். பட்டையை ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் உள்ளே இருக்கும் பணம் போய்விடும். பணம் ஏற்றுவதும் மீதியைத் திரும்பப் பெறுவதும் மாலை ஆறு மணி வரை. கடைகள் ஏழரை வரை. இவையெல்லாம் வாசல் பலகையில் எழுதியிருந்தன. அந்தப் பலகையை நின்று முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐந்நூறு ரூபாய் ஏற்றினேன். இறால் வறுவல், பர்மா நூடுல்ஸான அத்தோ ஒரு தட்டு, ஒரு காபி. மீதி நூற்று அறுபது. ஐந்தரை மணிக்கு, திரும்பப் பெறும் கவுன்ட்டரில் என் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் நூற்று நாற்பது ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"இருபது ரூபாய் குறையுதேம்மா?"

"சர்வீஸ் சார்ஜ் சார். எல்லாருக்கும் உண்டு."

"பலகையில இல்லையே?"

அவள் பலகையைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுத்தில் இல்லாத கட்டணத்தை வசூலிக்க முடியாது என்றேன். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். புகார்ப் புத்தகம் கேட்டேன். புகார்ப் புத்தகம் இல்லை என்பதையாவது எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "யோவ் பெருசு, அந்த இருபது ரூபாய நான் தரேன், நவுருய்யா!" என்று ஒரு குரல் வந்தது. இப்படிப்பட்ட பொதுமக்களால்தான் விதிகள் சாகின்றன என்று நினைத்துக்கொண்டு நான் நகரவில்லை.

மேலாளர் வந்தார், கேட்டார், களைத்துப்போய் இருபது ரூபாயைத் தரச் சொன்னார். ரூபாயை இரண்டு முறை எண்ணினேன். ரசீது கேட்டு வாங்கினேன். அதில் தேதி இல்லை என்று சொல்லித் தேதியும் போடவைத்தேன். போரில் வென்றவனைப் போலத் திரும்பியபோது, எனக்கு அடுத்து நின்ற பெண்மணி கையை உள்ளே நீட்டியிருந்தார்.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஆறாயிடுச்சுக்கா. சிஸ்டம் தானா லாக் ஆயிடும். வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க, ஏழு வேலை நாள்ல வந்துடும்."

"ஏழு நாளா? நாளிக்கு காலீல ஏலத்துக்குப் போவணும்மா நானு!"

ஷட்டர் இறங்கியது. வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு ஐம்பதோ நூறோதான் மீதி போலும். என்னைப் பார்த்து ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் போகவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, இருபது ரூபாய்க்கா அந்தப் பேச்சு பேசுன?"

என்ன மீதி என்று கேட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

நெட்டுக்குப்பத்துக்காரர். தினமும் விடியற்காலையில் காசிமேடு ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். வாங்குகிறவர்கள் இப்போது போனில்தான் பணம் அனுப்புகிறார்கள் என்பதால், மறுநாள் மீன் எடுப்பதற்கான முதல்பணம் மொத்தமும் போனில்தான் இருந்தது. வாசலில் இருநூறு ஏற்ற நினைத்து ஒரு சைபர் கூடுதலாகத் தட்டிவிட்டார். டீ வாங்கக் கையைத் தட்டியபோது கருவி காட்டிய மீதியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. உடனே ஓடிவந்து வரிசையில் நின்றிருக்கிறார், எனக்குப் பின்னால்.

"ஏலத்துல உடனே துட்டு வச்சாதான் மீனு. நாளிக்கு கூடை காலி" என்றார்.

என் சட்டைப்பையில் இருந்ததெல்லாம் நான் வென்றெடுத்த நூற்று அறுபதும் ஒரு முந்நூறும். போனில் பணம் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது, கொள்கை. இருந்ததை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ எதுக்குத் தர்ற? என் துட்டு இதோ கையில கீது. எடுக்க வழிதான் தெர்ல."

நியாயமான பேச்சு. இருவரும் கடை வரிசைப் பக்கம் நடந்தோம். பிரியாணிக் கடையில் ஒரு குடும்பம் தகராறு செய்துகொண்டிருந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர். பட்டையில் முப்பது ரூபாய்தான் மிச்சம். பணம் ஏற்றும் இடமும் ஆறு மணிக்கு மூடிவிட்டது. அந்த மனிதர் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் காட்டிக் கெஞ்சினார். ரொக்கம் வாங்கினால் கடையைக் காலி செய்துவிடுவார்கள் என்று கடைக்காரரும் கெஞ்சினார்.

என் பக்கத்தில் நின்ற பெண்மணி ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

"அண்ணாத்த, எத்தினி பிரியாணி? துட்ட என்னாண்ட குடு, நான் கையத் தட்றேன்."

நான் பதறிப்போய் ஓரமாக அழைத்தேன். "அம்மா, இது கூடாது. பட்டையை மத்தவங்களுக்காகப் பயன்படுத்தக் கூடாதுன்னு பலகையில ஒன்பதாவது விதி."

"நான் எங்க மத்தவங்களுக்குத் தர்றேன்? பட்ட என் கையிலதான் கீது. பிரியாணிய நான் வாங்குறேன். வாங்கி நான் துன்னா இன்னா, அவுரு துன்னா இன்னா?"

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று யோசித்தேன். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கை தட்டியாயிற்று, பிரியாணி போயிற்று, ஐந்நூறு ரூபாய்த் தாள் வந்தாயிற்று. பாக்கி கொடுக்க அவரிடம் சில்லறை இல்லை. என் நூற்று அறுபது அங்கே கரைந்தது. கணக்கு சொல்கிறேன் பேர்வழி என்று பக்கத்திலேயே நின்றவன், பத்து நிமிடத்தில் கூவ ஆரம்பித்திருந்தேன்.

"பட்டையில் பணம் தீர்ந்தவர்கள் இந்தப் பக்கம் வரவும்!"

"அது யாருக்கு நைனா புரியும்? இன்னாத்துக்கு ரேடியோ மாதிரி பேசுற?" என்றவர், வரிசை முழுக்கக் கேட்கும்படி குரலை எடுத்தார். "துட்டு கீதா? வா! மீனு வேணுமா, காடை வேணுமா, வா வா! கையத் தட்டி வாங்கித் தர்றேன்!" தெருத்தெருவாக மீன் விற்ற குரல். எண்ணூர் நெடுஞ்சாலையில் போன கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும் கேட்டிருக்கும்.

ஆள் சேர்ந்தது. கூடவே சீருடையில் ஒரு காவலாளியும் வந்தார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றேன். வாங்குவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு, எழுத்தில் இல்லாத தடை செல்லாது என்ற பொது நெறி, எல்லாம் வரிசைக்கிரமமாக மனதில் தயாராக இருந்தன.

"இன்னா இங்க கும்பல்?" என்றார் காவலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்மணி விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். காவலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் கையை விட்டார்.

"காலீலேந்து நிக்க வச்சிகினு ஒரு டீ கூட தர்ல. ரெண்டு காடை சொல்லு யக்கா." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இடிக்காத, லைனா வா!" என்று வரிசையை ஒழுங்குசெய்யவும் தொடங்கினார். என் வாதங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஏழு மணிவாக்கில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் கையில் சேர்ந்திருந்தது. அப்போதுதான் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த மேடையிலிருந்து கானாப் பாட்டு ஆரம்பித்தது. டோலக் சத்தம் எழுந்ததும், கருவிமேல் போன அவர் கை அப்படியே நின்றது.

"தம்பி" என்றார்.

"யாரும்மா?"

"டோலக்கு அடிக்கிறது என் தம்பி நைனா. கல்யாணத்துல, சாவுல அடிச்சிருக்கான். இம்மாம் பெரிய மேடை இப்பதான். அத்தப் பாக்கத்தான் வந்தேன்."

ஒரு மணி நேரமாக அவருடன் நிற்கிறேன். எவ்வளவு ஏற்றினீர்கள், எந்த நேரத்தில், எந்தக் கவுன்ட்டரில் என்றெல்லாம் விசாரித்திருக்கிறேன். எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

கடைகளுக்கும் மேடைக்கும் நடுவே ஆயிரம் தலைகள். இங்கிருந்து மேடையின் விளக்குகூடத் தெரியவில்லை. "நீங்க போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டை அவர் மணிக்கட்டில் இருக்கிறது. கழற்ற முடியாது. ஏழரைக்குக் கடைகள் மூடிவிடும். இன்னும் கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. "பாட்டு காதுல வுழுது, போதும். நாளிக்கு கூடைக்கு மீனு வேணுமே" என்று அடுத்த ஆளின் ரூபாயை வாங்கிக் கையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ போயி பாத்துட்டு வா. எப்டி அடிக்கிறான்னு வந்து சொல்லு."

போனேன். இந்த வயதில் முழங்கையால் இடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போனேன். இருபத்தைந்து வயது இளைஞன், மஞ்சள் சட்டை. மூன்று பாட்டு. நன்றாகவே வாசித்தான், எனக்கு டோலக் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சுற்றிலும் நின்றவர்களின் கால்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கழுத்தை நீட்டிக் கூட்டத்தை இடமிருந்து வலமாகத் தேடினான். கடைசிப் பாட்டு முடிந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் தேடினான். பிறகு அடுத்த குழு வந்து அவனை இறங்கச் சொன்னது.

திரும்பி வந்தபோது காவலாளி வரிசையைக் கலைத்துக்கொண்டிருந்தார். கடைகளில் விளக்கை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெண்மணி ரூபாய்த் தாள்களைச் சுருட்டி இடுப்புப் பையில் செருகிவிட்டு, பட்டையைக் காட்டிச் சிரித்தார். அறுபது ரூபாய் மட்டும் மிச்சமாம்.

"இணையதளத்துல விண்ணப்பிச்சா ஏழு வேலை நாள்ல..." என்று ஆரம்பித்தேன்.

"நீ திருந்தவே மாட்ட நைனா" என்று கடைக்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கிப் பட்டையை வெட்டிப் போட்டார். சில்லறைக்காக நான் தந்ததை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "எப்டி அடிச்சான்?"

மஞ்சள் சட்டை போட்டிருந்ததைச் சொன்னேன். கூட்டம் ஆடியதைச் சொன்னேன். இரண்டாவது பாட்டில் தனியாக வாசித்தபோது விசில் பறந்ததைச் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், பார்த்ததில் எதையும் விட்டதில்லை. அவன் கூட்டத்தைத் தேடித் தேடிப் பார்த்ததை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த இருபது ரூபாயை வசூலித்தது தவறு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. வங்கியிலோ மின்வாரியத்திலோ இப்போதும் நான் சண்டை போடாமல் வருவதில்லை. ஆனால் தொடங்குவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு என்ன அவசரம், யார் காத்திருக்கிறார்கள் என்பது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.